மிச்ச மண்

"ஒனக்கு ஒரு விஷயம் தெரியும். எதிர்ல இருக்கிற ஆளுக்குத் தெரியாது. அவங்க ஒன்கிட்ட ஆசையாப் பேசுவாங்க, அழுவாங்க, சாமி பேரச் சொல்லிக் கேப்பாங்க. எத்தனை நாள் சொல்லாம இருப்ப?"

வேலைக்குச் சேர வந்த அன்று நேர்காணல் அறையில் இருந்த அம்மாள் ஜெபக்கனியிடம் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். கனிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கட்டுரையையும் கணக்கையும் எந்திரமே எழுதிக் கொடுத்துவிடும் காலம் என்பதால், தேர்வுகள் எல்லாம் வாய்மொழியாக மாறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நாற்பது பேர் பார்க்க எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். கனிக்கு விடை தெரியும். எழுந்து நின்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"யாரும் கேக்கலன்னா சொல்ல மாட்டேன்," என்றாள் கனி.

"கேட்டா?"

"கேட்டாலும் எனக்குப் பேச வராது."

அம்மாள் சிரித்துவிட்டார். "இந்த வேலைக்குன்னே வளந்து வந்திருக்க," என்று சொல்லி அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, ஒருகாலத்தில் தீப்பெட்டி ஆலையாக இருந்த நீளமான கட்டிடத்தில் அந்த இயற்கை நலமனை இருந்தது. கைமூட்டு வலிக்காரர்களுக்கு மட்டுமான மனை. காலை ஐந்தரைக்குக் கனி குழைப்பறைக்குள் நுழைவாள். இரண்டு தொட்டிகள். ஒன்றில் கண்மாய்க்கு அடியிலிருந்து வந்த கரிசல் மண், மற்றதில் நிழல் மண். இரண்டும் ஒரே கறுப்பு. இரண்டிலும் மழை பெய்து ஓய்ந்த வாசனை. நீரூற்றி, உடம்புச் சூட்டுக்கு வரும்வரை கையால் குழைப்பாள். சுவரில் பன்னிரண்டு சிறு விளக்குகள் எரியும். இருக்கைக்கு ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் அந்த இருக்கைக்கு நிஜ மண். மஞ்சள் எரிந்தால் நிழல்.

எந்த இருக்கைக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது சமவாய்ப்பு எந்திரம். கண்ணைக் கட்டிக்கொண்டு சீட்டெடுப்பது போலத்தான் அதன் வேலை. நிரூபணச் சட்டம் வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கனி கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு பக்கம் வலி மாத்திரைகளைக் கடலை போல விழுங்கிச் சிறுநீரகம் கெட்டவர்கள். இன்னொரு பக்கம் இலையையும் சாற்றையும் நம்பி, தீரக்கூடிய நோயை வளர்த்துக்கொண்டு செத்தவர்கள். இரண்டு சாவுகளையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. மாத்திரையோ மண்ணோ, பட்டினியோ பச்சைத் தண்ணீரோ, மருந்து என்ற பெயரில் எது தரப்பட்டாலும் அது ஓயாமல் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நிஜம், பாதிப்பேருக்கு நிழல். மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. கடைசி வருடத்துப் பலனை எண்ணும்போது நிஜத்துக்கும் நிழலுக்கும் வேறுபாடு தெரிந்தால் அந்தச் சிகிச்சை பட்டியலில் நீடிக்கும். தெரியாவிட்டால் நீக்கப்படும்.

தனக்கு வந்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. மண் குழைப்பவருக்கு மட்டும் தெரியும். எந்திரத்தில் குழைத்தால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செத்துவிடுகின்றன என்று முதல் சுற்றிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே மனிதக் கை வேண்டும். நிஜ மண் விரலிடுக்கில் வெண்ணெய் போல வழுக்கும். மூன்று முறை சுட்டு உயிரெடுத்த நிழல் மண்ணில் அந்த வழுக்கல் இருக்காது. கண்ணை ஏமாற்றினாலும் கையை ஏமாற்ற முடியாது. அதனால் குழைப்பவரை நோயாளியிடமிருந்து ஒரு சுவர் பிரித்தது. சுவரில் ஒவ்வொரு இருக்கைக்கு நேரேயும் இரண்டு கை நுழையும் அளவுக்கு ஒரு கைச்சாளரம். அந்தப் பக்கத்திலிருந்து நோயாளி கையை நீட்டுவார். இந்தப் பக்கத்தில் கனி மண்ணைப் பூசித் துணி சுற்றுவாள். முகம் தெரியாது. பேசக் கூடாது.

தங்கேஸ்வரி ஆறாம் இருக்கைக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்தில். சாளரத்தில் நீண்ட கைகள் அகலமாக, வெயிலில் காய்ந்து இருந்தன. விரல் கணுக்கள் வீங்கி, மோதிர விரல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. விளக்கு மஞ்சள்.

"ஏ புள்ள, கை சில்லுனு இருக்கு. காலையில சாப்பிட்டியா?" என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல்.

கனி துணியைச் சுற்றினாள்.

"பேசக் கூடாதோ? சரி, நான் பேசுதேன். நீ கேளு. எங்க வீட்ல இதுக்கு ஆளே கெடயாது."

அன்றிலிருந்து அவள் பேசினாள். காற்றாலைக் கோபுரத்தில் ஏறும் வேலை அவளுக்கு. நூற்று நாற்பது மீட்டர் உயரம். இறக்கையைத் துடைக்கப் பறக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. உச்சிக் கூட்டுக்குள் புகுந்து மரைகளை முறுக்க மட்டும் இன்னும் ஆள்தான் போகவேண்டும். "மேல போய் நின்னா மழை வாறது ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெரியும் புள்ள. கீழ இருக்கிறவன் எல்லாம் துணி காயப் போட்டுட்டு இருப்பான். எனக்குச் சிரிப்பா வரும்."

மண் பூசுவது நாற்பத்தெட்டு நாள். கடைசி நாள் பிடிப்புச் சோதனை. பிடிப்புமானியை அழுத்தினால் இருபத்தெட்டு கிலோ காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஏறு உரிமத்தை எடுத்துவிடுவார்கள். "கீழ ஏசி ரூம்ல உக்கார வச்சு திரையப் பாக்கச் சொல்லுவாங்களாம். இருபத்திரண்டு வருஷம் ஆகாசத்துல இருந்தவள. பல்லு போன நாயக் கட்டிப் போடுற மாதிரி."

சில நாள் சீண்டுவாள். "எனக்கு வந்திருக்கது நெசமா, நெழலா? வாயால சொல்ல வேண்டாம். நெசம்னா என் சுண்டுவிரல ஒரு தட்டுத் தட்டு." கனியின் விரல்கள் அப்போது துணியின் முடிச்சில் அசையாமல் நிற்கும். "சரியான கல்லுளிமங்கி," என்று சிரித்துவிட்டு அவள் வேறு கதைக்குப் போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் அவள் பேசவில்லை. அந்தப் பக்கம் உதவியாளர் நெல்லிச்சாறு கொண்டுவந்து வைத்த சத்தம் கேட்டது. பிறகு டம்ளர் தரையில் விழுந்து உருளும் சத்தம். யாரோ துடைத்தார்கள். கைகள் சாளரத்துக்குள் வந்தன.

"பதினொண்ணு காட்டுது புள்ள," என்றாள் தங்கேஸ்வரி மெதுவாக. "வந்தன்னைக்கு பதிமூணு."

கனி நிழல் தொட்டியில் கையை விட்டாள். பக்கத்தில் நிஜத் தொட்டி இருந்தது. பச்சை விளக்குக்காரர்கள் அனைவருக்கும் பூசியாகிவிட்டது. அடியில் இரண்டு கை அளவு மிச்சம் இருந்தது. தினமும் மிஞ்சும். மிச்சத்தைச் சாக்கில் சேர்த்து, மாதக் கடைசியில், அள்ளி வந்த கண்மாயிலேயே கொட்டிவிட வேண்டும் என்பது விதி. வெறும் மண்தானே, அதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

யாருக்கும் குறையப் போவதில்லை என்று அவள் நினைத்தாள். கொட்டப்போகிற மண். இரண்டு கை அளவு.

அதை எடுத்து ஆறாம் இருக்கையின் கைகளில் பூசினாள். சமவாய்ப்பு எந்திரம் ஒன்றும் அறியாமல் மஞ்சளை எரித்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் பிடிப்புமானி முப்பத்தொன்று காட்டியது. தங்கேஸ்வரி சாளரம் வழியே கனியின் கையைப் பிடித்து வலிக்க வலிக்க அழுத்தினாள். "எப்படி இருக்கு? கத்து பாப்போம்." கனி கத்தவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் சிரித்தாள்.

அந்த மண்ணின் பலன் பத்து மாதம் நிற்கும். பிறகு வலி திரும்பும். ஒரு சுற்று முழுவதும் ஒருவருக்கு ஒரே விளக்குதான். அடுத்த சித்திரையில் தங்கேஸ்வரி வந்தபோது மறுபடியும் மஞ்சள். கனி மறுபடியும் மிச்சத்தை எடுத்தாள். ஆனால் அவளுக்குப் பூசிவிட்டு, இரண்டாம் இருக்கைத் தையல்காரரின் வளைந்த விரல்களில் நிழலைப் பூசக் கை வரவில்லை. அவருக்கும் கொஞ்சம் எடுத்தாள். அதற்கப்புறம் ஒன்பதாம் இருக்கை. அதற்கப்புறம் பதினொன்று. மிச்சம் போதாமல் போனபோது கண்மாயில் ஒரு கூடை கூடுதலாக அள்ளினாள். மூன்றாம் வருடம் பிறந்தபோது அந்த மனையில் மஞ்சள் விளக்கு எரிந்த எந்த இருக்கைக்கும் நிழல் மண் போகவில்லை. அதைக் கனி நாள்தோறும் கழிவுநீர் வாய்க்காலில் கரைத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் மாவட்டத்தின் எழுபத்திரண்டு மனைகளிலிருந்தும் குழைப்பவர்கள் கண்மாய்க்கு வருவார்கள். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புது மண் அள்ளிப் போவார்கள். அங்கேயும் நோயாளிகளைப் பற்றிப் பேசக் கூடாது. வெயிலைப் பற்றிப் பேசலாம். எல்லோருமே கனியைப் போல வாய் திறக்காத ஆட்கள் என்பதால் வெயிலைப் பற்றியும் அதிகம் பேச்சிருக்காது. கழுகுமலை மனையின் செய்யது அண்ணன் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவார்.

"என்ன தங்கச்சி, சாக்கு மெலிஞ்சு போச்சு?"

"மிச்சம் காஞ்சு போச்சுண்ணே," என்றாள் கனி.

"எனக்கும்தான். இந்த வருஷம் வெயில் அப்படி." அவர் தன் சாக்கை உதறினார். ஒரு கைப்பிடித் தூசிதான் விழுந்தது. இரண்டு பேரும் கண்மாய்க் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரையில் மற்ற சாக்குகளும் காலியாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கனிக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. வெயில் உண்மையிலேயே அப்படித்தான் அடித்தது.

சுற்று முடிந்து திறப்பு நாள் வந்தது. முடிவுகள் வெளியாகி, மறைகுறிகள் உடைக்கப்பட்டு, யார் யாருக்கு எது என்று அவரவருக்குக் கடிதம் போகும் நாள். மருத்துவர் கோமதிநாயகம் குழைப்பறைக்குள் வந்தார். சுற்று நடக்கும்போது அந்த அறைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. மூன்று வருடத்தில் இப்போதுதான் வருகிறார். சாந்தமான மனிதர். கையிலிருந்த தாளைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"மண்ண நீக்கிட்டாங்க கனி. வேறுபாடு இல்லையாம்."

கனி தாளைப் பார்த்தாள்.

"முந்தின சுற்றுல நிஜ மண்ணு பூசினவங்கள்ல நூத்துக்கு அறுபத்தி நாலு பேருக்குக் குணமாச்சு. நிழல்ல முப்பத்தொண்ணு. இந்தத் தடவை நிஜம் அதே அறுபத்தி நாலு. பாரு, ஒண்ணு கூடக் குறையல. நிழல்தான் ஏறியிருக்கு. அறுபத்தி ரெண்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்த மண்ணு எப்படி ஏறும்? கணக்கெடுக்கிற எந்திரம் ஒரு காரணம் சொல்லுது. ஜனங்களுக்கு மண்ணு மேல நம்பிக்கை கூடிப்போச்சாம். அந்த நம்பிக்கையே குணமாக்குதாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

அவள் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "நான் நினைக்கிறதுக்கு மதிப்பில்ல. இருபது வருஷமா கண்ணால பாத்திருக்கேன்னு சொல்லலாம். கண்ணால பாத்தேன்னு சொன்னவங்கள நம்பித்தான் அந்தக் காலத்துல அத்தனை பேர் செத்தாங்க. எண்ணுதான் பேசணும். எண்ணு இல்லன்னு சொல்லிருச்சு. நாளைக்குக் கண்மாய்க்கு முத்திரை வைக்கிறாங்க."

கனிக்குக் கரையில் கிடந்த காலிச் சாக்குகள் நினைவுக்கு வந்தன. செய்யது அண்ணனின் சாக்கிலிருந்து விழுந்த தூசி. அவர் தன் முகத்தைப் பார்க்காமல் கண்மாயைப் பார்த்தது. ஒவ்வொரு மனையிலும் ஒரு சாளரம், அதில் நீளும் வீங்கிய கைகள், தொட்டியின் அடியில் இரண்டு கை மிச்சம். தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். எழுபத்திரண்டு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருத்துவர் வெளியே போனார். அந்தக் குரலைக் கனி எங்கே கேட்டாலும் கண்டுகொள்வாள்.

"சார், இந்தக் கூத்தப் பாத்தீங்களா?" தங்கேஸ்வரி கடிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். "மூணு வருஷமா எனக்கு நெழலு மண்ணுதானாம். வெறுஞ்சேத்தப் பூசிக்கிட்டு முப்பத்தொண்ணு அமுக்கியிருக்கேன். எம்மவ சொல்லுதா, ஒனக்கு நோயே கெடயாதும்மா, எல்லாம் நடிப்புங்கிறா."

"உங்க நம்பிக்கைம்மா," என்றார் மருத்துவர்.

"அது இருக்கட்டும் சார். மண்ணு இனிமே கெடைக்காதாமே. எனக்கு நெசம் வேண்டாம். அந்த நெழலு இருக்குல்ல, அதுல ரெண்டு பொட்டலம் குடுங்க. அது மருந்து இல்லன்னு சட்டமே சொல்லுது. குடுத்தா தப்பில்லல்ல? பூசிட்டு அடுத்த மாசம் ஏறிருவேன். சோதனைக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்கு முன்னாடி ஒரு கோபுரம் பாக்கி நிக்கி."

மருத்துவர் சற்று யோசித்தார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். "தப்பில்லம்மா. எடுத்துட்டுப் போங்க."

கனி குழைப்பறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நோயாளிகள் இருக்கும் பக்கத்துக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை. முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. தங்கேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. பிறகு கைகளைப் பார்த்தாள்.

"ஏ புள்ள. நீயா? இத்தனூண்டு ஆளா நீ?"

"அது வேலை செய்யாது அக்கா," என்றாள் கனி. நாக்கு ஒட்டியது. "நீங்க பூசுனது அது இல்ல. நெசம். ஒன்பதாம் நாள்ல இருந்து. மூணு வருஷமும் நெசம்தான்."

மருத்துவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மஞ்ச விளக்கு. நான் மாத்திட்டேன். மிச்சத்த எடுத்து."

"எத்தனை பேருக்கு?" என்றார் மருத்துவர்.

"எல்லாருக்கும் சார். மஞ்ச விளக்கு எல்லாருக்கும்."

அவர் வேகமாகக் கணக்குப் போடுவது தெரிந்தது. "சரி. இந்த ஒரு மனைய மட்டும் கழிச்சுட்டு எண்ணச் சொல்லலாம். ஒரு மனைதான். மாவட்டத்துல இன்னும் எழுபத்தொண்ணு..."

"எல்லாச் சாக்கும் காலியாத்தான் வந்துச்சு சார்."

அவருக்கு அது புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கனிக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"நிழல் ஏறினதுக்குக் காரணம் இதுவா," என்றார் தனக்குள். "அப்ப கடைசி வருஷம் எண்ணினப்ப நிழல்னு ஒண்ணே இல்ல. ரெண்டு பக்கமும் நிஜத்தையே வச்சு நிறுத்தினா, தராசு எந்தப் பக்கம்மா சாயும்?"

"இப்பச் சொன்னா மறுபடி மண்ணு கெடைக்காதா சார்?" தங்கேஸ்வரி கேட்டாள். குரலில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"கெட்டுப்போன எண்ண வச்சு எதையும் திரும்பப் பட்டியல்ல சேக்க முடியாதும்மா. புதுசா அனுமதி கேக்கணும். புது ஆளுங்க வேணும். மூணு வருஷம் நடக்கணும். பட்டியல்ல இல்லாத நாள்ல கண்மாய் மண்ண மருந்துன்னு யாருக்குத் தொட்டுக் குடுத்தாலும் குத்தம். எனக்கும் குத்தம், அவளுக்கும் குத்தம்."

"மூணு வருஷம்," என்றாள் தங்கேஸ்வரி. "அதுக்குள்ள எனக்கு மூணு சோதனை வந்துரும்."

"ஆமாம்மா."

அவள் கனியின் பக்கம் திரும்பினாள். "ஏம் புள்ள சொன்ன? இத்தனை நாளு கல்லு மாதிரி இருந்தியே. இதையும் அமுக்கியிருக்கலாம்ல. நான் இந்தப் பொட்டலத்த நம்பிட்டே போயிருப்பேன். எனக்கென்ன, நம்புறதுக்குக் கொறையா?"

"நம்பித்தான் ஏறுவீங்க அக்கா," என்றாள் கனி. "நூத்தி நாப்பது மீட்டர். பாதியில கை விட்டுச்சுன்னா?"

தங்கேஸ்வரி கையிலிருந்த கடிதத்தை மடிக்கப் பார்த்தாள். விரல்கள் தாளின் மடிப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை. சித்திரை பிறந்து பத்து நாளாகியிருந்தது. பலன் இறங்கத் தொடங்கும் காலம்.

"அக்கா, டம்ளர் விழுந்துச்சு அன்னைக்கு," என்றாள் கனி. "அந்தச் சத்தத்தக் கேட்டப்புறம் என்னால முடியல. யாருக்கும் கொறையாதுன்னு நெனச்சேன். கொட்டப் போற மண்ணுதானேன்னு. இந்தச் சுத்து முடிஞ்சும் நீங்க வருவீங்க, அதுக்கும் மண்ணு வேணும்னு எனக்குத் தோணவே இல்ல."

தங்கேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்த பிறகும் கனியின் கைகளையே பார்த்தாள். காய்ந்த மண்ணின் வெடிப்புகளை, நகக்கண்ணில் தங்கிய கறுப்பை, மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தக் கைகள் இப்போது எந்தச் சாளரத்துக்குள்ளிருந்தும் நீளவில்லை. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மருத்துவர் எழுந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார். தங்கேஸ்வரி வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள். இரண்டு பொட்டலங்களையும் புறங்கையால் மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தாள். கடிதத்தை மடிக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவின் குமிழைப் பிடித்துத் திருப்பினாள். அது வழுக்கிற்று. இன்னொரு முறை திருப்பினாள்.

கனியின் கை தானாக முன்னே எழுந்தது. ஓர் அடி எடுத்து வைத்து, அங்கேயே நின்றாள்.

தங்கேஸ்வரி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே குமிழை அழுத்திப் பிடித்து, உடம்பையும் சேர்த்துத் திருப்பிக் கதவைத் திறந்தாள். வெளியே காற்று பலமாக அடித்தது. தூரத்தில் வரிசையாகக் கோபுரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் தலையை நிமிர்த்தாமல் படியிறங்கிப் போனாள்.